7/4-க்குப் பெயர் என்ன? விகிதச் சுருதிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

முழு எண் விகிதங்களில் சுருதி சேர்க்கும் முறை, அதாவது ‘ஜஸ்ட் இன்டொனேஷன்’ பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதிர்வெண் கணக்கு வரும் இடங்களில் ஸ = 240 ஹெர்ட்ஸ். மேலை ஸ்வர எழுத்துகள் வரும் இடங்களில் ஸ-வை ‘ஸி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சென்ட்’ என்பது ஆக்டேவில், அதாவது ஸ முதல் மேல் ஸ வரையிலான தூரத்தில், 1200-ல் ஒரு பங்கு.

7/4 என்ற ஸ்வரத்தை ஒருவர் கைசிகி நிஷாதம் என்கிறார். இன்னொருவர் ‘ஹார்மோனிக் செவந்த்’ என்கிறார். மூன்றாமவர் ‘செப்டிமல் மைனர் செவந்த்’ என்கிறார். எது சரி?
— கீபோர்டு வாசிப்பவர், சென்னை

மூன்றும் தவறில்லை. ஆனால் முதல் பெயர் தெருவைச் சொல்கிறது, மற்ற இரண்டும் வீட்டைச் சொல்கின்றன. கைசிகி நிஷாதம் ஒரு ஸ்வரஸ்தானம். அதற்குள் 16/9 இருக்கிறது (996 சென்ட்), 9/5 இருக்கிறது (1018 சென்ட்), உங்கள் கீபோர்டின் 1000 சென்ட்டும் இருக்கிறது. 7/4 இவை எல்லாவற்றுக்கும் கீழே, 969 சென்ட்டில் நிற்கிறது. மிக அருகில் உள்ள 16/9-ஐ விடவே 27 சென்ட் குறைவு. பாடத் தெரிந்த எவருக்கும் இது காதில் விழும்.

பெயர் வைக்கும் வழக்கம் இதுதான்: விகிதத்தில் வரும் மிகப் பெரிய பகா எண்ணை அடைமொழியாக வைத்து, பக்கத்தில் அளவைச் சொல்லும் பெயரைச் சேர்ப்பார்கள். 7 வந்தால் செப்டிமல், 11 வந்தால் அன்டெசிமல், 13 வந்தால் ட்ரைடெசிமல். 7/6 செப்டிமல் மைனர் தேர்ட் (267 சென்ட்), 9/7 செப்டிமல் மேஜர் தேர்ட் (435 சென்ட்).

இந்த ஏற்பாடு கொஞ்ச தூரம்தான் ஓடும். ‘அன்டெசிமல் நியூட்ரல் தேர்ட்’ என்றால் 11/9-ஆ (347), 27/22-ஆ (355)? இரண்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். போதாக்குறைக்கு 16/13-ம் (359) பக்கத்திலேயே இருக்கிறது. ‘ட்ரைடோன்’ கதை இன்னும் மோசம்: 7/5 (583), 45/32 (590), 729/512 (612), 10/7 (617) நான்கையும் அந்த ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ‘கமா’ (மிகச் சிறிய சுருதி வேறுபாடு) என்று மட்டும் எழுதினாலும் போதாது. 81/80 ஒரு கமா (21.5 சென்ட், நம்மவர்கள் பிரமாண சுருதி என்பது இதைத்தான்), பன்னிரண்டு பஞ்சமங்களை அடுக்கும்போது மிஞ்சுவது இன்னொரு கமா (23.5), 64/63 மூன்றாவது (27.3).

ஆகவே முதலில் விகிதத்தை எழுதுங்கள். பெயர் வேண்டுமானால் அதன் பின்னால் வரட்டும்.

விகிதம் எழுதுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். 7/4 என்று சாய்கோடு போட்டால் ஸ-விலிருந்து அளந்த ஒரு ஸ்வரம். 4:7 என்று புள்ளி வைத்தால் ஏதோ இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரம். 5/4 ஒரு ஸ்வரம், 7/4 ஒரு ஸ்வரம், இரண்டுக்கும் இடையே உள்ளது 5:7. இந்த இரண்டு குறிகளையும் கலந்து எழுதிய தாளை வாசிப்பவர் 5:7-ஐ ஸ-விலிருந்து அளந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சென்ட் கணக்கை சாதாரண கால்குலேட்டரில் போட முடியுமா?
— வாசகர், கும்பகோணம்

முடியும். ‘லாக்’ பொத்தான் இருந்தால் போதும். விகிதத்தை வகுத்து, வந்த எண்ணுக்கு லாக் எடுத்து, 3986.31 ஆல் பெருக்குங்கள். 7 ÷ 4 = 1.75, லாக் 0.24304, பெருக்கினால் 968.83. பக்கத்திலிருக்கும் ‘எல்என்’ பொத்தானை அழுத்தினால் விடை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வரும். அப்போது பெருக்க வேண்டிய எண் 1731.23.

விகிதங்களைப் பெருக்க வேண்டும், சென்ட்டுகளைக் கூட்ட வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். பஞ்சமத்தின் மேல் ஒரு அந்தர காந்தாரம் வைத்தால் 3/2 × 5/4 = 15/8; சென்ட்டில் 701.96 + 386.31 = 1088.27. ஆக்டேவை 1200 பங்காக்கும் இந்த அளவை அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலி நூலை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே.

ஆனால் சென்ட் தூரத்தை மட்டுமே சொல்லும். அந்த ஸ்வரம் எந்த ஹார்மோனிக்கிலிருந்து (அடிப்படை அதிர்வெண்ணின் எத்தனையாவது முழு எண் மடங்கிலிருந்து) வந்தது என்பதை விகிதம்தான் சொல்லும்.

மேலை ஸ்டாஃப் நொடேஷனில் 7/4, 11/8, 13/8 போன்றவற்றை எழுத எத்தனையோ குறிகள் புழங்குகின்றன. எதைக் கற்றுக்கொள்வது?
— இசையமைப்பு மாணவர், கோயம்புத்தூர்

நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது மூன்று. அவை பிரிவது ஒரே கேள்வியில்: ஒரு குறியும் போடாத வெறும் ஸ்வரம் எதைக் குறிக்கிறது?

பென் ஜான்ஸ்டன் முறையில் வெறும் ஏழு ஸ்வரங்கள் 1/1, 9/8, 5/4, 4/3, 3/2, 5/3, 15/8. ஸி–ஈ–ஜி என்று குறியே இல்லாமல் எழுதினாலும் 4:5:6 சுத்தமாக வந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை: டி–ஏ பஞ்சமம் 40/27, அதாவது 680 சென்ட். கேட்கச் சகிக்காது. சரியான பஞ்சமம் வேண்டுமென்றால் ஏ-க்குப் பக்கத்தில் கூட்டல் குறி (81/80 உயர்வு) போட வேண்டும். இந்த முறையில் ஷார்ப் என்பது 25/24; ‘7’ குறி 36/35 இறக்கும்; மேல்நோக்கிய அம்பு 33/32 ஏற்றும்; ‘13’ குறி 65/64 ஏற்றும். இதன்படி 7/4 என்பது பி-ஃபிளாட் (9/5), அதன்மேல் 7 குறி.

ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ் முறை மார்க் சபாட்டும் வொல்ஃப்காங் ஃபொன் ஷ்வைனிட்ஸும் உருவாக்கியது. இதில் வெறும் ஸ்வரங்கள் எல்லாம் பஞ்சமங்களை அடுக்கிக் கிடைத்தவை: ஈ = 81/64, ஏ = 27/16. எந்தப் பஞ்சமமும் குறியில்லாமலே சுத்தம். ஆனால் 5/4 வேண்டுமென்றால் ஈ-க்குக் கீழ்நோக்கிய அம்பு கட்டாயம்.

மூன்றாவது சாஜிட்டல். ஜார்ஜ் செகோர், டேவ் கீனன் இருவரும் அம்பு வடிவங்களால் கட்டியது. மிக நுண்ணிய கமாக்களுக்கும் தனித்தனி குறி உண்டு. ஆராய்ச்சிக்கு அருமை, முதல் ஒத்திகையில் வயலின்காரர் கையில் கொடுக்க அல்ல.

எங்கள் சிபாரிசு ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ். தந்தி வாத்தியங்கள் பஞ்சமத்தில் சுருதி சேர்ப்பவை. தம்புராவோடு பழகிய காதும் ஸ–ப உறவிலிருந்துதான் மற்றதை அளக்கும். குறிகளை மனப்பாடம் செய்யவும் வேண்டாம், கணக்காகவே போட்டுவிடலாம்.

முதலில் பஞ்சம வரிசையில் ஸி-யை 0 என்று வையுங்கள். மேலே ஜி +1, டி +2, ஏ +3, ஈ +4, பி +5. கீழே எஃப் −1, பி-ஃபிளாட் −2, ஈ-ஃபிளாட் −3, ஏ-ஃபிளாட் −4, டி-ஃபிளாட் −5, ஜி-ஃபிளாட் −6. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இந்த வரிசையில் ஓர் இடமும் ஒரு திருத்தமும் உண்டு:

3: +1, திருத்தம் இல்லை
5: +4, 81/80 இறக்கம் (21.51 சென்ட்)
7: −2, 64/63 இறக்கம் (27.26)
11: −1, 33/32 ஏற்றம் (53.27)
13: +3, 27/26 இறக்கம் (65.34)

விகிதத்தைப் பகா எண்களாக உடையுங்கள். 2-களைத் தூக்கி எறியுங்கள், அவை ஆக்டேவ் மட்டுமே. மேலே உள்ள எண்களுக்கு இடத்தைக் கூட்டுங்கள், கீழே உள்ளவற்றுக்குக் கழியுங்கள். திருத்தமும் கீழே வந்தால் தலைகீழாகும்.

35/32-ஐப் போட்டுப் பார்ப்போம். 35 = 5 × 7. இடம் 4 − 2 = +2, எனவே டி. திருத்தம்: ஒரு கீழ் அம்பு, ஒரு 7-குறி இறக்கம். சரிபார்ப்பு: டி 203.91, கழித்தல் 21.51, கழித்தல் 27.26; மிச்சம் 155.14. கால்குலேட்டரில் 35/32-ம் 155.14. பொருந்திவிட்டது.

7/5: −2 − 4 = −6, ஜி-ஃபிளாட். 7 மேலே இருப்பதால் இறக்கம், 5 கீழே இருப்பதால் ஏற்றம். 588.27 − 27.26 + 21.51 = 582.52. இறுதி இலக்கத்தில் வரும் 0.01 வித்தியாசம் முழுமையாக்கியதால் வந்தது, பயப்பட வேண்டாம். விடை 20, 40 என்று தள்ளி நின்றால் அம்பின் திசையைத்தான் பாருங்கள். ‘ஐந்து மேலே இருக்கிறது, அம்பும் மேலே’ என்று போடுவதுதான் எல்லோரும் செய்வது.

அச்சடிக்க: பிராவுரா போன்ற ஸ்மஃபிள் (இசைக் குறி எழுத்துருக்களுக்கான பொதுத் தரம்) எழுத்துருக்களில் ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ் குறிகளும் சாஜிட்டல் குறிகளும் உள்ளன.

இந்தக் கணக்குப்படி 13/11 ஈ என்று வருகிறது. ஆனால் அளவோ 289 சென்ட், ஈ-ஃபிளாட்டை விடவும் கீழே. நான் எங்கோ பிசகிவிட்டேனா?
— அதே மாணவர்

பிசகவில்லை. 3 + 1 = +4, ஈ-தான். 407.82 − 65.34 − 53.27 = 289.21. எழுத்தில் மேஜர் தேர்ட், காதில் ஒல்லியான மைனர் தேர்ட். 13/8 ஏ என்றும் 11/8 எஃப் என்றும் எழுதப்படுவதால் அவற்றுக்கு நடுவே உள்ளதும் எஃப்–ஏ மூன்றாம் ஸ்வர வடிவிலேயே வர வேண்டியிருக்கிறது. முறைக்குள் முரண் ஒன்றும் இல்லை.

சிக்கல் பாடகருக்குத்தான். ஈ-யைப் பார்த்ததும் தொண்டை 386-க்கோ 400-க்கோ போய் நிற்கும். அதனால் ஸ்வரத் தலைக்கு மேலே சென்ட் விலக்கத்தையும் எழுதுங்கள். எழுதியிருக்கும் எழுத்தின் கீபோர்டு சுருதியிலிருந்து எவ்வளவு விலகல் என்பதே அந்த எண். 5/4-க்கு ஈ −14, 7/4-க்கு பி-ஃபிளாட் −31, 11/8-க்கு எஃப் +51, 13/8-க்கு ஏ −59. இங்கே 13/11 ஈ −111 ஆகிவிடும். நூறைத் தாண்டிய எண்ணை யாரும் வாசிக்க விரும்பமாட்டார்கள். அந்த ஒரு இடத்தில் ‘ஈ-ஃபிளாட் −11’ என்று எழுத்தோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். குறி உறவைக் காட்டட்டும், எண் ட்யூனருக்கு உதவட்டும்.

ட்யூனரைப் பற்றி இன்னொன்று. அது ஏ = 440 என்பதை மையமாக வைத்திருக்கும்; உங்கள் 1/1 ஸி. ஸி-யிலிருந்து 27/16 போனால் ஏ கீபோர்டை விட 6 சென்ட் உயரம். குழுவினர் 440-க்குச் சேர்த்துக்கொண்டு, நீங்கள் ஸி-யைப் பூஜ்யத்தில் வைத்து எண்களை எழுதியிருந்தால் தாள் முழுக்க 6 சென்ட் பிழை ஓடும். அப்போது ஸி-யை −6-ல், அதாவது 260.74 ஹெர்ட்ஸில் (இங்கே மட்டும் 240 கணக்கு இல்லை) வைத்து எல்லா எண்களையும் மாற்றி எழுதுங்கள்.

நம்மிடம் 22 அலகு இருக்கிறதே. 7/4, 11/8 ஆகியவற்றை ‘இத்தனை அலகு, அரை அலகு’ என்று எழுதினால் என்ன?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அலகு, அதாவது சுருதி, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் செய்யலாம். இல்லை. சிலப்பதிகார உரை மரபில் வரும் 4, 4, 3, 2, 4, 3, 2 என்ற பகுப்பை இன்று வழக்கமாகச் சொல்லும் விகிதங்களில் போட்டால், நான்கலகு 9/8 (203.91 சென்ட்), மூன்றலகு 10/9 (182.40), இரண்டலகு 16/15 (111.73). நான்கலகை மேலும் பிரித்தால் 90, 22, 70, 22 என்று துண்டுகள் வருகின்றன. ‘அரை அலகு’ என்றால் 45-ஆ, 11-ஆ, 35-ஆ?

அதைவிட அடிப்படையான தடை, இந்த 22 விகிதங்களிலும் 2, 3, 5 தவிர வேறு பகா எண் கிடையாது. 7-ம் 11-ம் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. அருகில் உள்ள அலகைச் சொல்லி ‘இதிலிருந்து இத்தனை சென்ட் கீழ்’ என்று எழுதலாம். 7/4 என்பது 16/9-க்கு 27 கீழ், 11/8 என்பது 27/20-க்கு 32 மேல். அதற்கு மேல் அலகு உதவாது.

ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் 22-ஐ மறுத்து, ஆக்டேவை 24 சம சுருதிகளாகப் பிரிப்பதை வாதிட்டார். ஒவ்வொன்றும் 50 சென்ட். விகிதக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் ஒரு வேடிக்கை: அந்த ஏணியின் 11-ம் படி 550 சென்ட், 11/8-ன் 551.32-க்கு ஒன்றரை சென்ட்டுக்குள் வந்துவிடுகிறது. 7/4-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 950-க்கும் 1000-க்கும் நடுவில் தொங்குகிறது.

தோடி காந்தாரம் 7/6 என்கிறார்களே?
— வயலின் மாணவி, திருச்சி

அசையும் ஸ்வரத்துக்கு ஒற்றை விகிதம் கேட்பதே சரியில்லை. தோடியின் சாதாரண காந்தாரம் கம்பிதத்தில் (அசைத்துப் பாடும் கமகத்தில்) வாழ்வது. மென்பொருள் அதன் சராசரியை எடுத்து 267-க்கு அருகில் ஒரு எண்ணைக் காட்டினால், பாடகர் அங்கே நின்றார் என்று ஆகாது. நின்று ஒலிக்கும் ஸ்வரங்களுக்கு மட்டும் விகிதம் எழுதுங்கள்.

ஸ்காலா கோப்பு எழுதி சிந்தசைசரில் ஏற்றினேன். ஒரு ஸ்வரம் மட்டும் ஸ-வோடு ஒட்டிக்கொண்டு கேட்கிறது, ஆக்டேவும் இடம் மாறிவிட்டது. என்ன கோளாறு?
— ஒலிப்பதிவுக் கலைஞர், யாழ்ப்பாணம்

இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஸ்காலா கோப்பில் (சுருதி அளவுகளை வரிவரியாக எழுதும் கோப்பு) புள்ளி உள்ள எண் சென்ட், புள்ளி இல்லாதது விகிதம். 7/4-ஐ 1.75 என்று எழுதியிருப்பீர்கள். மென்பொருள் அதை ஒன்றே முக்கால் சென்ட் என்று படித்தது. ஸ-வோடு ஒட்டியது அதனால்தான். அதேபோல 386 என்று புள்ளியில்லாமல் எழுதினால் 386/1 என்று எடுத்துக்கொண்டு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும், 386.31 அல்லது 386. என்று எழுத வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள். அவற்றை விட்டுவிட்டால் முதல் வரி விளக்கம் (காலியாக இருக்கலாம், ஆனால் வரி இருக்க வேண்டும்), இரண்டாவது ஸ்வர எண்ணிக்கை, பிறகு ஸ்வரங்கள். 1/1-ஐ எழுதக்கூடாது, கடைசி வரி 2/1. 1/1-ஐயும் சேர்த்திருந்தால் பட்டியல் ஒன்று தள்ளிப்போகும். ஆக்டேவுக்கு 12 கீ என்று வாசிக்க 12 வரி தேவை. ஏழே வரி கொடுத்தால் ஸ-வுக்கு மேல் ஏழாவது கீயிலேயே மேல் ஸ வந்துவிடும்; வெள்ளைக் கீகளில் மட்டும் வைக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கீபோர்டு மேப் கோப்பு வேண்டும்.

பரிசோதிக்க இந்தப் பன்னிரண்டைப் போடுங்கள்: 16/15, 9/8, 7/6, 5/4, 4/3, 11/8, 3/2, 13/8, 5/3, 7/4, 15/8, 2/1.

சிந்தசைசர் ஸ்காலாவை ஏற்காவிட்டால் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் மிடி கட்டளை) வழி. நடு எண் 8192. எல்லை ±2 செமிடோன் என்றால் ஒரு சென்ட்டுக்கு 40.96. 7/4 கீபோர்டை விட 31.17 சென்ட் கீழே, ஆகவே 8192 − 1277 = 6915. எல்லை ±12 என்று இருந்துவிட்டால் அதே 6915 ஸ்வரத்தை 187 சென்ட் இறக்கிவிடும். முதலில் அந்த எல்லையைப் பாருங்கள். பெண்ட் ஒரு சானல் முழுவதையும் வளைக்கும் என்பதால், சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சானல் கொடுக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாமல், காதால் 7/4-ஐயும் 11/8-ஐயும் பிடிக்க முடியுமா?
— வீணை வாசிப்பவர், மதுரை

7/4 முடியும். 11/8-க்குக் காது மட்டும் போதாது.

விம்மல் (சற்றே விலகிய இரண்டு ஒலிகள் சேரும்போது கேட்கும் ஏற்ற இறக்கம்) நிற்பதைக் கேட்பதுதான் வழி. ஸ 240 என்றால் அதன் ஏழாம் ஹார்மோனிக் 1680. 7/4 ஸ்வரம் 420, அதன் நான்காம் ஹார்மோனிக்கும் 1680. இரண்டும் சேர்ந்தால் விம்மல் இல்லை. ஸ்வரம் ஒரு சென்ட் விலகினால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு விம்மல், அவ்வளவு நுட்பமாகப் பிடிக்கலாம். ஆனால் கீபோர்டு நிஷாதத்திலிருந்து (427.6) தொடங்காதீர்கள். அங்கே விநாடிக்கு 30 விம்மல், எண்ண முடியாது, வெறும் கரகரப்பாகத்தான் கேட்கும். நன்றாகக் கீழே இறக்கிவிட்டு மெல்ல ஏறி வாருங்கள். ஹார்மோனிக் இல்லாத சைன் ஒலியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஜீவா (குதிரையில் தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக வைத்த தம்புராவே போதும்.

தம்புராவில் மத்யமம் சேர்த்திருந்தால் ஒரு பொறி இருக்கிறது. ம 320, அதற்கு 4/3 உறவில் நிற்கும் 16/9, அதாவது 426.67, வலுவாக இழுக்கும். காது அங்கே சமாதானமாகி ‘இதுதான் 7/4’ என்று முடிவு கட்டிவிடும். பஞ்சமத் தம்புராவில் செய்யுங்கள். ப 360-க்கும் 420-க்கும் 6:7 உறவு என்பதால் இரண்டாவது சாட்சியும் கிடைக்கும்.

11/8 (330 ஹெர்ட்ஸ்) ஸ-வோடு சந்திப்பது 2640-ல், ஸ-வின் பதினொன்றாம் ஹார்மோனிக்கும் இதன் எட்டாவதும். இரண்டும் பலவீனம், விம்மல் தேறாது. அதற்குத் தந்தியிலேயே அந்த ஹார்மோனிக்கைத் தனியாக எழுப்புங்கள். மேருவிலிருந்து (தந்தி ஒலிக்கத் தொடங்கும் மேல் முனை) குதிரை வரை 90 செ.மீ. என்றால், 8.18 செ.மீ.யில் (பதினொன்றில் ஒரு பங்கு) விரலை அழுத்தாமல் தொட்டு, குதிரைப் பக்கம் மீட்டிவிட்டு உடனே விரலை எடுத்துவிடுங்கள். வரும் ஒலியை மூன்று ஆக்டேவ் இறக்கினால் 11/8. ஏழாம் ஹார்மோனிக்குக்கு 12.86 செ.மீ., இரண்டு ஆக்டேவ் இறக்கம். அரை செ.மீ. தள்ளித் தொட்டால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ வரும், அல்லது ஒன்றுமே வராது. விரல் நுனி தடிமனாக இருப்பவர்கள் நகத்தின் ஓரத்தால் தொடலாம்.

இப்படித் தொடும் இடத்தை மெட்டு வைக்கும் இடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 7/4 அழுத்தி வாசிக்க வேண்டுமென்றால் ஒலிக்கும் நீளம் 90 × 4 ÷ 7 = 51.4 செ.மீ., குதிரையிலிருந்து அளந்து. 11/8-க்கு 65.5 செ.மீ. அழுத்தும்போது தந்தி இழுபட்டு சுருதி ஏறும் என்பதால், மெழுகு இறுகுவதற்கு முன் மெட்டை அந்தக் கணக்கிலிருந்து மேருப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தி, விம்மலைக் கேட்டுக்கொண்டே நிறுத்துங்கள்.